ஒசாகாவிலிருந்து ஹிமேஜி கோட்டைக்கு ஒரு நாள் பயணம்: நண்பருக்கு முழங்கால் வலி இருந்தால்

கேள்வி இதுதான். ஒசாகாவில் தங்கியிருக்கும் இரண்டு நண்பர்கள் ஒரே நாளில் ஹிமேஜி கோட்டைக்குப் போய்த் திரும்ப நினைக்கிறார்கள். ஒருவர் எதையும் விடாமல் பார்க்க வேண்டும் என்பவர். இன்னொருவருக்கு முழங்காலில் தொந்தரவு, நடக்க முடியும், செங்குத்துப் படிகள்தான் சிரமம். எந்த ரயிலில் போவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எவ்வளவு செலவாகும், கோபுரத்தின் உச்சிவரை ஏறியே ஆக வேண்டுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம், மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் அமையும். உச்சிவரை ஏறியே ஆக வேண்டும் என்பதில்லை. மேலே ஒசாகாபே என்ற தெய்வத்தின் சிறிய சன்னதி இருக்கிறது, நாலு பக்கமும் ஜன்னல் இருக்கிறது, ரயில் நிலையம்வரை நேராக ஓடும் சாலை தெரியும், அவ்வளவுதான். ஹிமேஜியின் அருமை அந்தக் கோபுரத்துக்குப் போய்ச் சேரும் வழியில்தான் இருக்கிறது. வாயில்கள், திருப்பங்கள், சுவர்த் துளைகள், பொய்யாக இறங்கிப் போகும் சரிவு என்று எதிரியைக் குழப்புவதற்காகவே போடப்பட்ட பாதை அது. வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பத்து நிமிடத்தில் கடந்துவிட்டு, கோபுரத்துக்குள் முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவர் தவறவிடப்போவது இந்த வரிசையை மட்டும்தான்.

ஒசாகா கோட்டையை ஏற்கெனவே பார்த்தவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே நிற்கும் கோபுரம் 1931இல் கான்கிரீட்டில் எழுப்பியது. உள்ளே லிஃப்ட், கண்ணாடிப் பெட்டிகள், அருங்காட்சியகம் எல்லாம் உண்டு. ஹிமேஜியின் கோபுரம் 1601இல் தொடங்கி 1609இல் இகேதா தெருமாசா என்ற பிரபு கட்டி முடித்த அதே மரக் கட்டடம். பழைய கோபுரம் இன்னும் நிற்கிற கோட்டைகள் ஜப்பானில் 12தான் இருக்கின்றன, அவற்றில் இதுதான் பெரியது. அதனால் லிஃப்ட் கிடையாது, ஏசி கிடையாது, கோபுரத்துக்குள் கழிப்பறை கிடையாது. காட்சிப் பொருள்களும் கொஞ்சம்தான். “உள்ளே ஒன்றுமே இல்லையே” என்று சிலர் குறைப்படுவது இதனால்தான். அங்கே காட்சிப் பொருளே அந்த மரக் கட்டுமானம்தான்.

இனி ரயில். ஒசாகா நிலையத்திலிருந்து ஜேஆர் என்ற ரயில் நிறுவனத்தின் கோபே பாதையில் ஷின்கைசொகு என்ற அதிவேக ரயிலைப் பிடியுங்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் ஹிமேஜி. பகலில் ஏறக்குறைய கால் மணிக்கு ஒன்று வரும். ஒரு வழிக் கட்டணம் ஒருவருக்குச் சுமார் 1,500 யென். கூடுதல் கட்டணம் எதுவும் இல்லை, இகோகா போன்ற, பணம் நிரப்பிய பயணக் கார்டைத் தட்டிவிட்டு ஏறலாம். சில ரயில்களில் மட்டும் ‘ஏ சீட்’ என்று தனிப் பெட்டி இருக்கும், அதற்கு முன்பதிவுக் கட்டணம் தனி. தெரியாமல் அதில் போய் உட்கார்ந்துவிடாதீர்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிசகு, பெயரில் ‘கைசொகு’ என்று பார்த்ததும் ஏறிவிடுவது. வெறும் கைசொகுவும் ஹிமேஜிப் பக்கம் போகும், ஆனால் நிறைய நிலையங்களில் நின்று நின்று போகும். பலகையில் ‘ஷின்’ சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேருமிடம் ஹிமேஜி என்றுதான் இருக்க வேண்டும் என்பதில்லை. அபோஷி, பான்ஷு-அகோ என்று போட்டிருந்தால் அவை ஹிமேஜியைத் தாண்டிப் போகிறவை, தாராளமாக ஏறலாம், இறங்க மறக்காமல் இருந்தால் போதும். போகும்போது இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். கோபேயைத் தாண்டியதும் சுமாவிலிருந்து கடல் பக்கத்திலேயே வரும். அகாஷி வருவதற்குள் அகாஷி கைக்கியோ பாலம் தலைக்கு மேல் கடந்துபோகும். 1998இல் திறந்த தொங்கு பாலம், நடு இடைவெளி மட்டும் 1,991 மீட்டர்.

ஷின்-ஒசாகாவிலிருந்து ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலைப் பிடித்தால் அரை மணி நேரம்தான், ஆனால் கட்டணம் இரண்டு மடங்குக்கும் மேல். தங்கியிருக்கும் இடத்திலிருந்து ஷின்-ஒசாகா போகும் நேரத்தையும் கூட்டினால் லாபம் பெரிதாக இல்லை. கையில் சுற்றுலாப் பயணிகளுக்கான ஜேஆர் பாஸ் இருந்தால் கதை வேறு. அப்போதும் நோசோமி, மிசுஹோ ரயில்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு, எல்லா ரயிலும் ஹிமேஜியில் நிற்பதும் இல்லை. ஹிகாரி, சகுரா, கொதாமா என்று பார்த்து, நிற்கும் இடங்களைச் சரிபார்த்து ஏறுங்கள். கியோட்டோவிலிருந்து வருகிறவர்களுக்கும் ஷின்கைசொகு மாறாமல் நேராகவே வரும், ஒன்றரை மணி நேரம் ஆகும்.

கிளம்பும் நேரம்தான் நாளைத் தீர்மானிக்கும். கோட்டை காலை 9 மணிக்குத் திறக்கும், மாலை 5 மணிக்கு மூடும், உள்ளே விடுவது 4 மணிவரை. டிசம்பர் 29, 30 இரண்டு நாளும் விடுமுறை. ஒசாகாவில் ஏழரை மணி வாக்கில் ரயில் ஏறினால் எட்டே முக்காலுக்குள் ஹிமேஜி, மெதுவாக நடந்தாலும் ஒன்பது மணிக்கெல்லாம் டிக்கெட் வாங்கும் இடம். பத்தரைக்கு மேல் சுற்றுலாக் குழுக்கள் வந்து சேரும். கோபுரப் படிகள் ஓராள் அகலம், வரிசை நகர்வது முன்னால் போகிறவரின் வேகத்தில்தான். அந்தப் படியில் நடுவழியில் நின்று காத்திருப்பது நல்ல முழங்காலுக்கே நல்லதல்ல. வார நாள் ஒரு காலை என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் செர்ரி பூக்கும் வாரமும், ஏப்ரல் கடைசி, மே முதல் வார விடுமுறையும் வேறு மாதிரி. கூட்டம் மிகுந்த நாள்களில் கோபுரத்துக்கு எண் சீட்டு கொடுத்துத்தான் விடுவார்கள். பூ பார்க்க வேண்டும் என்பவர்கள் அதைத் தெரிந்தே போக வேண்டும்.

நிலையத்தின் வடக்கு வாசலில் வெளியே வந்ததும் ஒதேமே சாலையின் முடிவில் கோட்டை வெள்ளையாகத் தெரியும். வழி கேட்கவே வேண்டாம். ஒரு கிலோமீட்டர் சமதளம், பதினைந்து இருபது நிமிட நடை. முழங்காலைப் பிற்பாடு வேலைக்கு வைத்துக்கொள்ள நினைத்தால் நிலையத்திலிருந்து பஸ் இருக்கிறது, டாக்ஸியும் கிடைக்கும். பெட்டி இருந்தால் நிலையத்தின் காசு லாக்கரிலேயே வைத்துவிடுங்கள். சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு கோட்டைச் சரிவில் ஏறுவது நடக்காத காரியம்.

கட்டணம் பற்றிப் பழைய தகவல்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. முன்பு எல்லாப் பெரியவர்களுக்கும் 1,000 யென். 2026 மார்ச் முதல் ஹிமேஜி நகரத்தில் வசிக்காத, 18 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லாருக்கும் 2,500 யென். நகரவாசிகளுக்கு மட்டும் பழைய 1,000 யென். 18 வயதுக்குக் கீழே இலவசம். வெளிநாட்டவர் என்பதற்காக அதிகம் வாங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, டோக்கியோக்காரரும் அதே 2,500தான் கொடுக்கிறார். பக்கத்திலேயே இருக்கும் கோகோ-என் தோட்டத்துக்கும் சேர்த்து ஒரே சீட்டாக வாங்கினால் கொஞ்சம்தான் கூடும். இரண்டு பேருக்கும் சேர்ந்த சீட்டே வாங்குங்கள். உங்கள் விஷயத்தில் அந்தத் தோட்டம் அவசியமான இடம், காரணம் கீழே வரும். ஆக ரயிலும் நுழைவும் சேர்த்து ஒருவருக்கு 5,500 யென்னுக்கு மேல், சாப்பாடு தனி.

அகழிமேல் போட்ட மரப் பாலத்தைக் கடந்து ஒதே வாயில் வழியாக உள்ளே போனால் பெரிய புல்வெளி. இதற்குச் சன்னோமாரு என்று பெயர். இதுவரை கட்டணம் கிடையாது. ஒதே வாயில் 1938இல் கட்டியது, அதில் நேரம் போக்க வேண்டாம். கழிப்பறைக்கு இங்கேயே போய்விடுங்கள். தண்ணீர் பாட்டிலையும் நிரப்பிக்கொள்ளுங்கள். டிக்கெட் கவுன்டரைத் தாண்டியதும் வரும் ஹிஷி வாயில்தான் உண்மையான தொடக்கம். இருக்கிற வாயில்களில் இதுதான் பெரியது. மேல் தளத்தில் கருப்பு அரக்குப் பூசி, பொன்னிறத் தகடு அடித்த மணி வடிவ ஜன்னல்களைப் பாருங்கள். இதைத் தாண்டினால் இவ்வளவு அலங்காரம் வேறெந்த வாயிலிலும் இருக்காது. போகப் போக வாயில்கள் சிறுத்து, குனிந்து, இரும்பு பூசிக்கொள்ளும்.

ஹிஷி வாயிலிலிருந்து கோபுரம் நேர்கோட்டில் 130 மீட்டர்தான். நடக்க வேண்டியதோ 325 மீட்டர். முன்பு 84 வாயில்கள் இருந்தன, இப்போது 21 மிஞ்சியிருக்கின்றன. பல வாயில்களுக்குத் தனிப் பெயர் வைக்காமல் ஜப்பானியரின் பழைய எழுத்து வரிசையிலேயே இ, ரோ, ஹா, நி, ஹோ என்று பெயரிட்டிருக்கிறார்கள். பலகையில் அந்த வரிசை மாறாமல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனால் வழி தப்பாது.

ரோ வாயிலைத் தாண்டியதும் ஒரு சரிவு வரும். அங்கே ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். இடப்பக்க வெள்ளைச் சுவரில் வட்டம், முக்கோணம், சதுரம், நீள் செவ்வகம் என்று துளைகள் வரிசையாக இருக்கும். நீள் செவ்வகம் அம்புக்கு, மற்றவை துப்பாக்கிக்கு. ஒரு துளைக்கு அருகே போய்க் கண்ணை வைத்துப் பாருங்கள். உட்புறம் அகலமாகவும் வெளிப்புறம் குறுகலாகவும் சரித்து வெட்டியிருப்பது தெரியும். உள்ளே இருப்பவன் துப்பாக்கியை இடமும் வலமும் திருப்பலாம், வெளியே இருப்பவனுக்குக் குறிவைக்க ஒரு கையளவு இடம்தான் கிடைக்கும். படிகளும் சீராக இல்லை. ஒரு படி நீளம், அடுத்தது குட்டை, உயரமும் மாறும். ஓடி வருகிறவனின் கால் கணக்கைக் கெடுக்கத் தோதான படிகள் இவை, இன்றைக்கு முழங்கால் வலிக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டியதும் இங்கேதான். மழை பெய்திருந்தால் கல் வழுக்கும்.

ஹா வாயிலில் ஒரு தூணின் அடிக்கல்லைப் பாருங்கள், கல் விளக்கு ஒன்றின் அடிப்பாகம் அது. கோட்டை முழுக்க இப்படிப் பழைய கல்லை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பண்டைய புதைமேடுகளின் கல் சவப்பெட்டிகள், மாவரைக்கும் எந்திரக் கல் எல்லாம் மதிலில் கிடக்கின்றன. அவசரமாக நிறையக் கல் தேவைப்பட்டால் கிடைத்ததையெல்லாம் போடத்தானே வேண்டும். நி வாயிலுக்குள் நுழைந்ததும் கூரை தாழ்ந்து, பாதை இருட்டில் சட்டென்று திரும்பும். மேல் தளத்தின் பலகையை நீக்கினால் கீழே போகிறவன்மேல் ஈட்டி பாயும். அந்த வாயிலின் கூரை முனை ஓட்டில் சிலுவை வடிவம் ஒன்று இருக்கிறது, அண்ணாந்து பார்க்காதவர்களுக்குத் தெரியாது.

ஹோ வாயில் சின்னது, இரும்புத் தகடு வேய்ந்தது. அதைத் தாண்டியதும் சுற்றிலும் உள்ள வெள்ளைச் சுவர்களுக்கு நடுவில் ஒரு துண்டு மண் நிறச் சுவர் நிற்கும். எண்ணெய்ச் சுவர் என்று இதற்குப் பெயர், மண்ணை அடுக்கடுக்காக இடித்து எழுப்பிய இதில் படலம் படலமாகக் கோடுகள் தெரியும். பக்கத்து மதிலில் கம்பி வலை போட்டு மூடிய எந்திரக் கல் ஒன்றும் இருக்கிறது. இகேதாவுக்கு முன்பே, தொயொதொமி ஹிதேயோஷி என்ற படைத்தலைவர் இங்கே கோட்டை கட்டியபோது கல் போதவில்லை என்று கேள்விப்பட்ட ஓர் ஏழைக் கிழவி தன் எந்திரக் கல்லைக் கொடுத்தாளாம், அதைப் பார்த்து ஊரே கல் கொண்டுவந்து கொட்டியதாம். கதை எவ்வளவு உண்மையோ, கல் அங்கே இருக்கிறது.

அடுத்து நீர் வாயில்கள். முதல் வாயிலைத் தாண்டியதும் கோபுரம் தலைக்கு மேலேயே நிற்கும், பாதையோ இறங்கும். ஏற வேண்டிய இடத்தில் இறங்கினால், தவறான வழியில் வந்துவிட்டோமோ என்று படை தயங்கும். தயங்குகிற அந்த நொடிக்குத்தான் மேலே கல் போடும் திறப்புகள் இருக்கின்றன. கோபுரத்தின் மூலைகளில் சுவர் வெளியே பிதுங்கி நிற்பதைப் பாருங்கள், அந்தப் பிதுக்கத்தின் அடியில்தான் திறப்பு. இத்தனை ஏற்பாடு செய்தும் கோட்டையை ஒருவரும் வந்து முற்றுகையிடவில்லை என்பது வேறு விஷயம். அதற்கு வந்த ஆபத்தெல்லாம் பிற்காலத்தில்தான். மெய்ஜி காலத்தில் (1868–1912) 23 யென் சொச்சத்துக்கு ஏலம் போனதாகச் சொல்வார்கள், இடிக்கும் செலவே அதிகம் என்று வாங்கியவர் விட்டுவிட்டாராம். 1945 ஜூலையில் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது கோபுரத்தின் மேல் தளத்தில் விழுந்த எரிகுண்டு வெடிக்கவில்லை.

இப்போது கோபுரம். வெளியிலிருந்து ஐந்து அடுக்கு தெரியும், உள்ளே ஆறு தளமும் ஒரு நிலவறையும். வாசலில் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோக வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு கையில் செருப்புப் பை, இன்னொரு கையில் கைபேசி, படியோ ஏணி போலச் செங்குத்து. அதனால் முதுகுப் பை ஒன்று கொண்டுபோங்கள், செருப்பை அதற்குள் தள்ளிவிட்டு இரண்டு கையையும் கைப்பிடிக்குக் கொடுங்கள். நானூறு ஆண்டாகக் கால் பட்டு வழவழத்த பலகை அது, சாதாரண சாக்ஸ் வழுக்கும். அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ் சில நூறு யென்னில் கிடைக்கும், இருவரும் வாங்கிக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரிவரை தரை பனிக்கட்டியாக இருக்கும், தடித்த சாக்ஸ் வேண்டும். ஆகஸ்டில் எதிர்மாறு, மேல் தளங்களில் வியர்த்துக் கொட்டும். உயரமானவர்கள் படி முடியும் இடத்தில் உத்தரத்தில் தலை இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏறப் படி தனி, இறங்கப் படி தனி. பாதி ஏறிவிட்டு “முடியவில்லை, திரும்புகிறேன்” என்று எதிர்த்திசையில் இறங்குவது கூட்டத்தில் சிரமம். எனவே ஏறுவதா வேண்டாமா என்பதை வாசலிலேயே முடிவு செய்துவிடுங்கள். முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரிய வேலை. மேல் இரண்டு படித்தொடர்கள் மிகவும் செங்குத்து. அங்கே முகத்தைப் படிப்பக்கம் வைத்து, ஏணியில் இறங்குவது போலப் பின்பக்கமாக இறங்குவதுதான் பத்திரம். வெட்கப்பட ஒன்றுமில்லை, உள்ளூர்ப் பெரியவர்களும் அப்படித்தான் இறங்குகிறார்கள். சமதளத்தில் ஒரு மணி நேரம் நடக்க முடிகிறது, வீட்டு மாடிப் படி இறங்கும்போது மட்டும் வலிக்கிறது என்ற நிலையில் இருப்பவர் ஏற வேண்டாம் என்பதே என் கருத்து.

ஏறுகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? கிழக்கிலும் மேற்கிலும் நிலவறையிலிருந்து மேல் தளத்தின் அடிவரை போகும் இரண்டு பெரும் தூண்கள். ஒவ்வொன்றும் 24 மீட்டருக்கு மேல். கோபுரத்தின் சுமை முழுக்க இவற்றைச் சுற்றித்தான் கட்டியிருக்கிறது. 1956–1964 பழுதுபார்ப்பில் கோபுரத்தை மரம் மரமாகப் பிரித்துத் திரும்பச் சேர்த்தார்கள். அப்போது கிழக்குத் தூணின் அடிப்பாகத்தை மட்டும் மாற்றினார்கள், மேற்குத் தூண் தேறவில்லை. அதற்கென்று கிசோ மலையில் வெட்டிய மரம் வழியில் முறிந்துபோனதால், இரண்டு மரங்களை ஒட்டி ஒரு தூணாக்கினார்கள். மூன்றாம் தளத்தில் மேற்குத் தூணைப் பார்த்தால் அந்த இணைப்பு தெரியும். அதே தளத்தின் மூலைகளில் வீரர்கள் பதுங்கும் சின்ன அறைகள் இருக்கின்றன. நான்காம் தளத்தில் ஜன்னல் ஆள் உயரத்துக்கு மேலே போய்விடுவதால், ஏறி நின்று எறிய மேடை போட்டிருக்கிறார்கள். கீழே நிலவறையில் அந்தக் காலத்துக் கழிப்பறைகளும் உண்டு, பழுதுபார்த்தவர்கள் ஆராய்ந்தபோது பயன்படுத்திய அடையாளம் ஒன்றும் இல்லையாம். நிதானமாகப் பார்த்தால் கோபுரத்துக்கு ஒரு மணி நேரம் போதும்.

அந்த ஒரு மணி நேரம் நண்பர் என்ன செய்வது? கட்டணப் பகுதியைவிட்டு வெளியே போய்விட்டால் மறுபடி நுழையலாம் என்று எண்ண வேண்டாம். ஆகவே ஒழுங்கை இப்படி வைத்துக்கொள்ளலாம். ஒன்பது மணிக்கு இருவரும் சேர்ந்தே இ வாயிலிலிருந்து கோபுர அடிவாரம்வரை மெதுவாகப் போங்கள். அங்கே பிரிந்து, ஏறுகிறவர் கோபுரத்துக்குள் போகட்டும். மற்றவர் ஊழியர்களிடம் கேட்டுக்கொண்டு கீழே வந்து, ஹிஷி வாயிலுக்குப் பக்கத்தில் சங்கொகு அகழிக் கரையில் காத்திருக்கலாம். காற்று இல்லாத காலையில் அந்தக் குளத்தில் கோபுரம் தலைகீழாக விழும், படம் எடுப்பவருக்கு ஒரு மணி நேரம் போவதே தெரியாது. சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் பிரியும் முன்பே பேசிவிடுங்கள். பாதை வளைந்து வளைந்து போவதால் “கோபுரத்துக்குக் கீழே நிற்கிறேன்” என்று போனில் சொன்னால் பத்து இடம் அதற்குப் பொருந்தும்.

சேர்ந்த பிறகு இருவரும் நிஷினோமாருவுக்குப் போங்கள். ஹிஷி வாயிலுக்கு மேற்கே இருக்கும் இந்தப் பகுதியைப் பெரும்பாலோர் களைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள், 2,500 யென் கொடுத்தவர் அப்படிச் செய்யக் கூடாது. மதிலை ஒட்டி இருநூறு மீட்டருக்கும் மேல் நீளும் மர நடைக்கூடம் இது. இங்கேயும் செருப்பைக் கழற்ற வேண்டும், சில படிகள் உண்டு, ஆனால் கோபுரப் படியோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஜப்பானை ஆண்ட தோக்குகாவா இயயாசுவின் பேத்தி சென்ஹிமே இங்கே வாழ்ந்தாள். ஏழு வயதில் ஹிதேயோஷியின் மகனுக்கு மணம் முடித்துக் கொடுத்தார்கள். 1615இல் அவளுடைய தாத்தாவின் படையே ஒசாகா கோட்டையை வீழ்த்தியது, கணவன் இறந்தான். மறு ஆண்டு ஹோந்தா ததாதோக்கியை மணந்து, 1617இல் ஹிமேஜிக்கு வந்தாள். கூடத்தின் கடைசியில் அவள் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒப்பனைக் கோபுரம் இருக்கிறது. கூடத்து ஜன்னல்களிலிருந்து பெரிய கோபுரமும் மூன்று சின்னக் கோபுரங்களும் ஒன்றோடொன்று கோத்து நிற்பது நன்றாகத் தெரியும். கோபுரத்துக்குள் ஏறியவருக்கே அந்தக் காட்சி கிடைத்திருக்காது.

கோபுரத்திலிருந்து கீழே வரும் வழியில் கம்பி மூடிய ஓகிகு கிணறு வரும். பத்துத் தட்டில் ஒன்று தொலைந்த பழிக்கு ஆளாகிக் கிணற்றில் தள்ளப்பட்ட பணிப்பெண், இரவில் ஒன்பதுவரை எண்ணி அழுவாள் என்பது கதை. எட்டிப் பார்த்துவிட்டு நகரலாம்.

வெள்ளை நிறத்தைப் பற்றி அடிக்கடி ஒரு கேள்வி வரும், பெயின்டா என்று. சுண்ணாம்புச் சாந்து அது. நம்மூர்க் கொத்தனார்கள் கடுக்காயும் வெல்லமும் சேர்த்தது போல, அவர்கள் நீற்றிய சுண்ணாம்பில் சிப்பிச் சுண்ணாம்பு, சணல் நார், கடற்பாசிக் கஞ்சி சேர்க்கிறார்கள். சுவருக்கு மட்டுமில்லை, கூரை ஓடுகளின் இடுக்குகளிலும் அதைத் திரட்டிப் பூசியிருப்பதால்தான் தூரத்திலிருந்து பார்த்தால் கூரையும் வெள்ளையாகத் தெரிகிறது. மரக் கட்டடத்துக்கு இது தீக்காப்பு, ஓடு காற்றில் நகராமலும் பிடித்துக்கொள்ளும். 2009இல் தொடங்கிய பழுதுபார்ப்பு முடிந்து 2015 மார்ச்சில் கோபுரத்தைத் திறந்தபோது, கண்ணைப் பறிக்கிற வெள்ளையைப் பார்த்து ‘அளவுக்கு மீறி வெளுத்த கோட்டை’ என்று அந்த ஊர்க்காரர்களே கிண்டல் செய்தார்கள். ஈரத்தில் பூஞ்சை பிடித்து இடுக்குகள் ஆண்டுக்காண்டு கருத்துவருகின்றன. பழைய படத்தில் பார்த்த பளீர் வெள்ளை இன்று இல்லையே என்று ஏமாற வேண்டாம்.

படம் எடுப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. சன்னோமாரு புல்வெளி கோபுரத்துக்குத் தென்மேற்கே இருப்பதால், அங்கிருந்து பிற்பகலில்தான் வெளிச்சம் நேராக விழும். காலையில் வந்ததும் அங்கே நின்று நேரத்தை விடாதீர்கள், போகும்போது எடுத்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டரை மணிக்குள் கோட்டை முடிந்துவிடும். சாப்பாட்டைப் பொறுத்தவரை, அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. இந்தக் கடற்கரையின் பெயர் பெற்ற அயிட்டம் அனாகோ என்ற கடல் விலாங்கு, சோற்றின்மேல் சுட்டு வைத்துத் தருவார்கள். சாற்றில் வேகவைத்து, இஞ்சி சோயா தொட்டுச் சாப்பிடும் ஓதேன் என்ற பண்டமும் ஹிமேஜிக்கே உரியது. சைவம் என்றால்தான் விழிப்பு வேண்டும். காய்கறி நூடுல்ஸ் என்று போட்டிருந்தாலும் சாறு காய்ந்த மீனில் காய்ச்சியதாக இருக்கும், ஓதேன் சாறும் அப்படித்தான். ஹிமேஜி காப்பிக் கடைகளில் பாதாம் வெண்ணெய் தடவிச் சுட்ட ரொட்டி கிடைக்கும், சைவருக்கு இந்த ஊரில் அதுவே நல்ல வழி. அல்லது நிலையத்துப் பக்கத்துக் கடையில் உமேபோஷி ஊறுகாய் வைத்த சோற்று உருண்டை இரண்டு வாங்கிவந்து புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம். உறையின் பின்புறத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் பார்த்துவிடுங்கள், சிலவற்றில் மீன் சாறு இருக்கும்.

பிற்பகலுக்கு இரண்டு தேர்வு. ஒன்று ஷோஷா மலையில் உள்ள எங்கியோ-ஜி கோயில். பஸ்ஸில் அரை மணி நேரம், பிறகு ரோப்வே, அதன்பின் மலைப்பாதையில் நடை. 966இல் நிறுவிய கோயில், காட்டுக்குள் அருமையான இடம், ஆனால் கோபுரம் ஏறிய அதே நாளில் முழங்கால் வலி உள்ளவரை அங்கே கூட்டிப்போவது அநியாயம். இன்னொரு நாள் கிடைத்தால் அதற்கென்றே போங்கள். மற்றது கோகோ-என். கோட்டையின் மேற்கு அகழியை ஒட்டி, பழைய படைவீரர் குடியிருப்பு இருந்த இடத்தில் 1992இல் திறந்தது. சுவர் வைத்துப் பிரித்த ஒன்பது தோட்டங்கள், பெரும்பாலும் சமதளம், உட்கார நிறைய இடம். கெண்டை மீன்கள் நீந்தும் குளத்துத் தோட்டத்தையும் மூங்கில் தோட்டத்தையும் நின்று பார்த்தால் போதும், மற்றவற்றை நடந்துகொண்டே பார்க்கலாம். நவம்பர் பாதிக்கு மேல் போகிறவர்களுக்கு இலை சிவக்கும். ஒன்றரை மணி நேரம் அங்கே கழித்துவிட்டு, மூன்றரை நாலு மணிக்கு வெயில் சாயும்போது சன்னோமாரு புல்வெளிக்கு வந்தால் கோபுரத்தின் மேற்குச் சுவரில் வெளிச்சம் சரியாக இருக்கும்.

ஒருவேளை அன்று காலையே முழங்கால் மோசமாக இருந்தால், அவருக்குக் கோட்டைச் சீட்டு வாங்கவே வேண்டாம். புல்வெளிவரை இலவசம், தோட்டத்துக்குத் தனிச் சீட்டு மலிவு. ஏறுகிறவர் இரண்டரை மணி நேரத்தில் கோட்டையை முடித்துவிட்டுத் தோட்டத்தில் வந்து சேர்ந்துகொள்ளலாம்.

திரும்பும் ரயிலில் உட்கார இடம் முக்கியம். ஹிமேஜியிலேயே புறப்படும் ஷின்கைசொகுவும் உண்டு, மேற்கேயிருந்து வருகிறவையும் உண்டு. பலகையில் இங்கிருந்தே கிளம்புவதைப் பார்த்து, ஐந்தாறு நிமிடம் முன்னால் வரிசையில் நின்றால் நிச்சயம் இடம் கிடைக்கும். ஐந்து மணிக்கு மேல் போனால் அகாஷி, கோபேயில் அலுவலகக் கூட்டம் ஏறும், அங்கே எழுந்து இடம் தேட முடியாது. ரயிலின் சேருமிடம் ஒசாகா என்று இருக்காது. மைபாரா, யசு, நாகஹாமா, த்சுருகா என்று ஏதாவது போட்டிருக்கும், எல்லாமே ஒசாகா வழியாகத்தான் போகின்றன. களைப்பில் தூங்கிவிட்டால் பீவா ஏரிக் கரையில்தான் கண் விழிப்பீர்கள், அதனால் ஒரு மணி நேரத்துக்குக் கைபேசியில் அலாரம் வைத்துவிட்டு உட்காருங்கள்.